தறிக்குழியை விட்டு எழுந்திருங்க: உட்கார்ந்தே உழைக்கும் உடம்புக்கும் உடற்பயிற்சி வேண்டும்



காலை ஏழு மணிக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். குழிக்குள் கால், மிதியில் பாதம், கையில் நாடா. நெசவாளர் ஒருவர் உட்கார்ந்தால் டிபனுக்கு ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்கு ஒருமுறை எழுந்திருப்பார். மற்றபடி விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் தறிதான். அவரிடம் போய், "அண்ணே, தினமும் கொஞ்சம் உடற்பயிற்சி செய்யுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். "விடிஞ்சதுலேர்ந்து கையும் காலும் ஆடிக்கிட்டேதான் இருக்கு. இதுக்கு மேல என்னப்பா உடற்பயிற்சி?" என்று கேட்பார்.

நியாயமான கேள்விதான். பட்டுக் கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டுபவரும், ஆட்டோ ஓட்டுபவரும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரும், வீட்டில் தார் சுற்றிக்கொண்டே சமையலையும் பார்த்துக்கொள்ளும் அக்காவும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இந்தப் பாடம். ஒரே வரியில் சொன்னால்: உழைத்துக் களைப்பது வேறு, உடம்பை அசைத்து வலுவாக்குவது வேறு.

தறியில் எது அசைகிறது, எது அசையவில்லை?

கொஞ்சம் கவனித்துப் பார்ப்போம். தறியில் உட்கார்ந்திருக்கும்போது பாதம் மிதியை அழுத்துகிறது. கை நாடாவைத் தள்ளுகிறது, அச்சை இழுத்து அடிக்கிறது. கண் இழையை விட்டு நகர்வதில்லை. அதே அசைவு, அதே தூரம், அதே பக்கம், ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை.

இடுப்பு அசையவில்லை. தொடையிலும் பிட்டத்திலும் இருக்கும் பெரிய தசைகள், அதாவது உடம்பிலேயே அதிகம் சர்க்கரையை எரிக்கும் தசைகள், சும்மா இருக்கின்றன. முதுகு முன்பக்கம் வளைந்தே இருக்கிறது. மூச்சு வேகமாகவில்லை, இதயத் துடிப்பும் பெரிதாக ஏறவில்லை. சாயங்காலம் உடம்பு வலிக்கிறது, அதனால் நிறைய வேலை செய்துவிட்டோம் என்று நினைக்கிறோம். வலி வந்தது உண்மை. ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பெரிய தசைகளுக்கும் அன்றைக்கு வேலையே கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

கோர்வைச் சேலைக்குத் துணைக்கு உட்காருபவருக்கும் இதே நிலைதான்.

லண்டன் பஸ் சொன்ன பாடம்

இதை முதலில் கணக்கோடு காட்டியவர் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டனின் மாடி பஸ்களில் டிரைவர், கண்டக்டர் என்று இரண்டு பேர் வேலை செய்வார்கள். ஒரே பஸ், ஒரே ஊர். ஆனால் டிரைவர் ஷிப்ட் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். அவர்களை ஒப்பிட்டு மோரிஸ் குழுவினர் 1953-ல் வெளியிட்ட ஆய்வில், கண்டக்டர்களுக்கு இதய நோய் டிரைவர்களை விடக் குறைவாக வந்தது தெரிந்தது. வந்தவர்களிலும் திடீர் மரணம் கண்டக்டர்களிடையே குறைவாக இருந்தது.

கண்டக்டர் ஒரு நாளில் ஏறிய படிகள் 500 முதல் 750 வரை. நம்ம ஊர் அளவில் சொல்வதென்றால், வரதராஜப் பெருமாள் கோவிலில் அத்திகிரி மேல் ஏற 24 படிகள். 600 படி என்றால் அந்த மலையை 25 தடவை ஏறுவதற்குச் சமம். ஒரே மூச்சில் அல்ல, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. ஜிம்முக்குப் போகாமலே கண்டக்டரின் இதயத்தைக் காப்பாற்றியது அதுதான்.

இன்னொரு ஆய்வும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பரிசோதித்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி பரிசோதித்தபோது கிடைத்த விடை மருத்துவர்களையே யோசிக்க வைத்தது. முப்பது வருட வயது ஏற்றம் அவர்களுடைய உடல் திறனைக் குறைத்ததை விட, இருபது வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. "வயசாயிடுச்சு, அதான்" என்று நாம் சொல்வதில் பாதி, அசையாமல் இருந்ததன் விளைவாக இருக்கலாம்.

அசையாமல் இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது?

*சர்க்கரை:* சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதை வாங்கி எரிப்பதில் தசைகளுக்குத்தான் பெரிய பங்கு. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தசை சும்மா இருந்தால் இன்சுலினை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். நாளாக நாளாக உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணியாது. டைப் 2 சர்க்கரை நோய் இப்படித்தான் மெல்ல நெருங்குகிறது.

*ரத்த ஓட்டம்:* காலிலிருந்து ரத்தம் மேலே திரும்பி வர ஆடுசதை ஒரு பம்ப் போல வேலை செய்கிறது. நடக்கும்போது அந்தப் பம்ப் நன்றாக இயங்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்தால் மந்தமாகும். கால் வீங்குவதும் கனப்பதும் இதனால்தான். ரத்த நாளங்கள் நெகிழ்ச்சி இழக்கும்போது ரத்த அழுத்தமும் ஏறுகிறது.

*கொழுப்பு:* உட்கார்ந்திருக்கும் தசை ரத்தத்திலுள்ள கொழுப்பையும் குறைவாகத்தான் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. கை கால் மெலிந்து, தொப்பை மட்டும் இருப்பவர்களை நம்ம தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். ஒல்லியாக இருப்பதால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம்.

*எலும்பும் தசையும்:* உடம்பின் எடையைத் தாங்கும்போதுதான் எலும்பு உறுதியாகிறது. பயன்படுத்தாத தசை கரைகிறது. முப்பது வயதுக்கு மேல் இந்தக் கரைவு தொடங்கிவிடுகிறது. அறுபதில் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கான அடித்தளம் நாற்பதிலேயே போடப்படுகிறது.

*முதுகும் மனசும்:* முன்னால் குனிந்து உட்கார்ந்தால் முதுகுத் தண்டின் தட்டுகளில் அழுத்தம் கூடும். தாங்கிப் பிடிக்க வேண்டிய தசை வலுவிழந்தால் வலி நிரந்தரமாகிவிடும். உடம்பு அசையாதவருக்குத் தூக்கமும் சரியாக வராது. மனச்சோர்வுக்கான வாய்ப்பும் கூடுகிறது.

நம்ம கணக்கு என்ன?

இந்தியாவில் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதுமான அளவு உடம்பை அசைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். "வீட்டு வேலையே போதும்" என்று பெண்களை நாம் எவ்வளவு தவறாக ஆறுதல்படுத்துகிறோம் என்பது இதிலேயே தெரிகிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் இது 14.4 சதவீதம்.

நல்ல செய்தியும் நம்ம மாநிலத்திலிருந்தே வந்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரை மணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் அறிவுறுத்தப்பட்டவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை இல்லாமல் கிடைத்த பலன் இது.

எவ்வளவு அசைந்தால் போதும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது:

- பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று வைத்துக்கொண்டால் 150 நிமிடம் சரியாக வந்துவிடும்.
- அல்லது ஓட்டம் போன்ற கடினமான பயிற்சி 75 முதல் 150 நிமிடம்.
- வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி.
- 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.
- 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம்.

"மிதமான" என்றால் என்ன? நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியும், ஆனால் பாட முடியாது. அந்த வேகம்தான். கடை கடையாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போவது இந்தக் கணக்கில் வராது.

அரை மணியை ஒரே தடவையில் முடிக்கணும் என்று கட்டாயமில்லை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். "150 நிமிடம் முடியாது" என்பவர்கள் 50 நிமிடத்தில் தொடங்குங்கள். ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போதுதான் பலன் மிக அதிகம்.

நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து 2016-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் வரும் கூடுதல் ஆபத்து, தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமாக உடம்பை அசைப்பவர்களிடம் காணப்படவில்லை. ஆகவே அரை மணி என்பது ஆரம்பம். முடிந்தவர்கள் ஒரு மணிக்கு உயர்த்துங்கள்.

தறிக்காரருக்கு ஒரு நாள் திட்டம்

*தறியில் உட்காருவதற்கு முன்:* 20 நிமிடம் வேக நடை. பிள்ளையார்பாளையத்தில் இருப்பவர்கள் கைலாசநாதர் கோவில் பக்கம் போய்த் திரும்பலாம். சின்ன காஞ்சிபுரத்துக்காரர்கள் வரதராஜப் பெருமாள் கோவில் மதிலைச் சுற்றி வரலாம். பெரிய காஞ்சிபுரத்தில் ராஜ வீதிகள் இருக்கவே இருக்கின்றன. காலையில் வண்டி நெரிசல் குறைவு.

*தறியில்:* செல்போனில் 45 நிமிடத்துக்கு ஒரு அலாரம். அடித்ததும் குழியிலிருந்து வெளியே வந்து மூன்று நிமிடம் இவற்றைச் செய்யுங்கள்.

1. இடுப்பில் கை வைத்து மெதுவாகப் பின்பக்கம் சாய்தல், 5 தடவை.
2. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், 15 தடவை.
3. தோளைப் பின்பக்கமாகச் சுழற்றுதல், 10 தடவை.
4. மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டி மடக்குதல்.
5. வாசலில் நின்று தூரத்தில் தெரியும் ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தல். கண்ணுக்கு இது ஓய்வு.

தார் தீர்ந்தால் பிள்ளைகளை எடுத்து வரச் சொல்லாமல் நீங்களே எழுந்து போய் எடுங்கள். தண்ணீர்ச் சொம்பைத் தறிக்குப் பக்கத்தில் வைக்காமல் அடுப்படியில் வையுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் கணக்கில் சேரும்.

*மதியம்:* சாப்பிட்டதும் படுக்காமல் தெருவில் 10 நிமிடம் நடங்கள். அந்த நேரத்தில்தான் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதே நேரத்தில் தசைக்கு வேலை கொடுத்தால் ஏற்றம் குறையும்.

*வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம்:* நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது 10 தடவை. சுவரில் கை ஊன்றித் தண்டால் 10 தடவை. ஒரு நிமிட ஓய்வுக்குப் பிறகு இன்னொரு சுற்று.

நாம் சொல்லும் மூன்று சாக்குகள்

*"எழுந்தா கூலி போயிடும்."* உண்மையான கவலை இது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் ஒவ்வொரு நிமிடமும் காசு. ஆனால் கணக்குப் போடுங்கள். 45 நிமிடத்துக்கு மூன்று நிமிடம் என்றால் எட்டு மணி நேர வேலையில் அரை மணிதான். இடுப்புப் பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்தால் எண்பது மணி நேரம் தறி நிற்கும். பாவு போட்டபடி இருக்கும், சேலை இறங்காது, முன்பணம் வாங்கிய இடத்தில் பதில் சொல்ல வேண்டும். பக்கவாதமோ மாரடைப்போ வந்தால் தறி மாதக்கணக்கில் நிற்கும். எழுந்திருக்கும் அரை மணி, அந்தத் தறியை ஓட வைக்கும் செலவு.

*"பொம்பளைங்க தெருவுல நடந்தா நாலு பேர் பேசுவாங்க."* தனியாகப் போகத் தயங்கினால் பக்கத்து வீட்டு அக்கா, எதிர் வீட்டுச் சித்தி என்று நான்கு பேர் சேர்ந்து போங்கள். அப்புறம் யார் பேசுவார்கள்? கோவிலுக்குப் போகும்போது பிரகாரத்தை மூன்று சுற்றுக்குப் பதிலாகப் பத்துச் சுற்று வேகமாகச் சுற்றுங்கள்.

*"முட்டி வலிக்குது, எப்படி நடக்கிறது?"* பெரும்பாலான முட்டி வலிக்கு முழு ஓய்வு மருந்தல்ல. தொடைத் தசை வலுவானால்தான் முட்டியின் பாரம் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். வீக்கமோ கடும் வலியோ இருந்தால் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

கையிலிருக்கும் போனே உதவியாளர்

நம்மை உட்கார வைப்பதும் போன்தான், எழுப்பக்கூடியதும் போன்தான். பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் நடையை எண்ணும் வசதி இருக்கிறது. மத்திய அரசின் ஃபிட் இந்தியா செயலியையும் இலவசமாகப் பதிவிறக்கலாம்.

"தினமும் 10,000 அடி நடந்தே தீரணுமா?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த எண் மருத்துவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. 2022-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், அதற்குக் கீழுள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது. இப்போது 2,500 நடக்கிறீர்கள் என்றால், அடுத்த வாரம் 3,500 ஆக்குங்கள். அது போதும்.

போனில் வரும் நினைவூட்டலால் பயன் உண்டா? உண்டு. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினரே, சர்க்கரை நோய் வரும் வாய்ப்புள்ள 537 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் குறுஞ்செய்தி பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும், பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய் வந்தது. 2013-ல் வெளியான முடிவு இது. ஆகவே அலாரம் அடித்தால் அணைத்துவிட்டு உட்காராதீர்கள்.

அரசுச் சேவைகளை இப்படிப் பயன்படுத்துங்கள்

- *மக்களைத் தேடி மருத்துவம்:* 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு வீட்டுக்கே மருந்து வருகிறது. இயன்முறை சிகிச்சையும் இதில் அடங்கும். உங்கள் தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.
- *ஆரம்ப சுகாதார நிலையம்:* ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை இலவசம். முப்பது வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.
- *நடப்போம் நலம் பெறுவோம்:* 2023 நவம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தேர்வு செய்யப்பட்டது. உங்கள் மாவட்டத்தின் பாதை எது என்று சுகாதாரத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். முழுத் தூரமும் நடக்கணும் என்பதில்லை.
- *104:* மருத்துவ ஆலோசனைக்கான இலவச எண்.
- *108:* நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் மரத்துப் போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் யோசிக்காமல் இந்த எண்ணை அழையுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை

இதய நோய் உள்ளவர்கள், நடந்தால் நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வருபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடக்க வேண்டாம்; பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். அவர்கள் செருப்பில்லாமல் நடக்கவும் கூடாது. காலில் வரும் சின்னப் புண்ணும் பெரிதாகிவிடும்.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

1. நேற்று மூச்சு வாங்கும்படி பத்து நிமிடமாவது நடந்தேனா?
2. ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எத்தனை தடவை உட்கார்ந்தேன்?
3. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா?
4. என் இடுப்புச் சுற்றளவு என்ன? ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனம் தேவை. வீட்டிலிருக்கும் டேப்பாலேயே அளக்கலாம்.
5. கடைசியாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தது எப்போது? அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

தறியில் ஒரு இழை அறுந்தால் நெசவாளர் என்ன செய்வார்? "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நெய்துகொண்டே போக மாட்டார். தறியை நிறுத்தி, இழையைத் தேடி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த நாடா தள்ளுவார். ஒரு இழையை விட்டால் சேலை முழுக்கக் கோடு விழும் என்று அவருக்குத் தெரியும். உடம்பில் அறுகிற இழை கண்ணுக்குத் தெரிவதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வலியில்லாமல் வருபவை. அதனால்தான் நாமே நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதை உட்கார்ந்துகொண்டுதானே படித்தீர்கள்? போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்க. வாசல் வரைக்கும் போய் ஒரு நடை நடந்துவிட்டு வாங்க. பக்கத்துத் தறிக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது.